பதினாறு பைக்கு மூச்சு

அத்தானுக்கு உடம்புக்கு என்ன என்று ஏழு தடவை கேட்டுவிட்டாய் அக்கா. ஏழு தடவையும் "ஒண்ணுமில்ல, சளிதான்" என்றேன். சளி இல்லை. என்ன என்று சொல்வதற்கு முன்னால் நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும். "என் தம்பி ஃபில்டர்ல இருக்கான்" என்று நீ எல்லாரிடமும் சொல்கிறாயாம். "டீ வடிகட்டுற வேலையா?" என்று உன் மாமியார் கேட்டாராம். அத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் ஆலையில் கல்லை அரைத்து மாவாக்குகிறோம். பெயின்டில் கலப்பதற்கும் கண்ணாடி செய்வதற்கும் போகிற வெள்ளை மாவு. அரைக்கும்போது காற்றோடு காற்றாகப் பறக்கும். அந்தக் காற்றை உறிஞ்சி இழுத்து ஓர் இரும்பு அறைக்குள் விடுவார்கள். இரண்டு மாடி உயரம். உள்ளே நூற்றிருபது துணிப்பைகள், ஒவ்வொன்றும் என்னைப் போல் இரண்டு ஆள் நீளம், கம்பிக் கூட்டுக்குச் சட்டை மாட்டிய மாதிரி தொங்கும். காற்று துணிக்குள் புகுந்து மேலே போய்விடும், மாவு வெளியே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். சில நொடிக்கு ஒரு தரம் மேலேயிருந்து அழுத்தக் காற்று 'டப்' என்று அடிக்கும். பை ஒரு உதறு உதறும். மாவு கீழே கொட்டும்.

இதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பார்த்துக்கொள்வது என்றால் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பது. சுவரில் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம். பை அடைத்துக்கொண்டால் முள் ஏறும். சிவப்பைத் தொட்டால் மணி அலறும், ஆலை தானாக நின்றுவிடும். ஆலை நின்றால் எங்கள் சூப்பர்வைசருக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பேர் மீட்டர். எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்த்துப் பேசவே மாட்டார். உன்னிடம் பேசினாலும் கண் அந்த வட்டத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அந்தச் சுத்தமான காற்றை வெளியே விடமாட்டார்கள். இளஞ்சூடாக இருக்கிறதே, எதற்கு வீணாக்க வேண்டும் என்று ஒரு பெரிய குழாய் வழியாக மூட்டை கட்டுகிற அறைக்குத் திருப்பிவிடுவார்கள். அந்த அறையில் நாலு பேர். அத்தான் அதில் ஒருவர், ஆறு வருஷமாக.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அத்தான் என் தோளில் கைபோட்டு அந்த அறைக்குக் கூட்டிப்போனார்.

"இதோ பாருங்கடா, என் மச்சான். இன்னையிலேர்ந்து இந்த ரூமுக்கு வர்ற காத்து எங்க வீட்டுக் காத்து."

அங்கே மொட்டை என்று ஒருவர், வாய்க்குப் பூட்டே கிடையாது. "மாமனார் வீட்டுல அவனவனுக்கு வண்டி வாங்கிக் குடுக்கறாங்க. உனக்குக் காத்தைக் குடுத்திருக்காங்க. அதுவும் குழாயில."

"வயித்தெரிச்சல்டா உனக்கு. உன் மச்சான் உனக்கு என்ன குடுத்தான்?"

"ஜாமீன் கையெழுத்து போடச் சொன்னான்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அத்தான் ஒரு காரியம் செய்தார். முகத்தில் மாட்டியிருந்த ரப்பர் மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் அது அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருந்தது. சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டார்.

"சொந்த மச்சான் வடிகட்டி அனுப்பறான். எனக்கு எதுக்கு இந்தக் கடிவாளம்?"

எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது அக்கா. பொய் சொல்லமாட்டேன்.

எங்கள் இடத்தில் 'மூச்சு கொடுப்பது' என்று ஒரு வார்த்தை உண்டு. முள் ஏறத் தொடங்கினால் ஒரு கைப்பிடியைத் திருப்பி, அந்த 'டப்' காற்றை நாமே இரண்டு தரம் கூட அடிப்பது. பைக்கு மூச்சுத் திணறுகிறது, கொஞ்சம் மூச்சு கொடு என்பார்கள். நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது, 'மூச்சு கொடுத்த பைகள்' என்று. நான் ஒழுங்காக எழுதிவந்தேன்.

முதல் குளிர்காலம் தொடங்கிய வாரம் முள் இறங்கவே இல்லை. பைகளுக்கு ஆயுசு இரண்டு வருஷம். அவை நாலு வருஷமாகத் தொங்குகின்றன. துணியில் மாவு ஏறி ஏறிப் பலகையாக விறைத்துவிட்டன. புதுப் பை கேட்டு எழுதியிருக்கிறது, வரும் வரும் என்றார்கள். டீக்கு ஆலையை நிறுத்தியபோது மீட்டர் வந்தார்.

"மேல ஏறு. பதினாறு பைக்கு மூச்சு குடு."

"காலையிலேர்ந்து குடுத்துக்கிட்டேதான் சார் இருக்கேன். கைப்பிடி கழண்டு வந்துடும் போல இருக்கு."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு துணிச் சுருளை எடுத்தார். உள்ளே குத்தூசி. மரப்பிடி கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது.

"அது இல்ல. இந்த மூச்சு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "ஓட்டை போடணுமா சார்?"

"ஓட்டைன்னு யாருடா சொன்னா? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில? மூச்சுன்னு சொன்னேன்."

"அதுவழியா மாவு போகுமே சார். ரூமுக்கு..."

"உனக்கு முன்னாடி இருந்தவன் குடுத்தான். அவனுக்கு முன்னாடி இருந்தவனும் குடுத்தான். எவன் செத்தான்?" வட்டத்தைப் பார்த்தபடியே கேட்டார். "உன் அட்டை எப்போ முடியுது?"

இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டை அக்கா. வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும்.

"அடுத்த மாசம் சார்."

"யார் கையெழுத்து போடணும்?"

"நீங்கதான் சார்."

"அப்புறம் என்ன? ஏறு."

ஏறினேன். மேலே மூடியைத் திறந்தால் வரிசையாக வட்ட வாய்கள். கம்பிக் கூட்டை உருவி எடுத்துவிட்டு, பைக்குள் தோள்வரை கையை விட்டு, எட்டின இடத்தில் குத்த வேண்டும். துணி முதலில் முரண்டு பிடிக்கும், அப்புறம் 'பொசுக்' என்று விட்டுக்கொடுக்கும். ஒரு பைக்கு ஏழெட்டுக் குத்து. பதினாறு பை. கீழே இறங்கி ஆலையை ஓட்டினோம். முள் சட்டென்று பச்சைக்கு நடுவில் வந்து படுத்துக்கொண்டது. மீட்டர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஊசி மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலைடா செஞ்சிருக்கே!"

அன்றிலிருந்து என் பேர் ஊசி. மூட்டை அறையிலும் பரவிவிட்டது. ஒல்லியாக இருக்கிறேன், அதனால் அந்தப் பேர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அத்தானும் "டேய் ஊசி, சாப்பிட வாடா" என்றுதான் கூப்பிடுவார்.

மறுநாள் அத்தான் என் இடத்துக்கு வந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "பதினாறு பைக்கு மூச்சு குடுத்திருக்கியா! நீ டாக்டர்டா மச்சான்."

அவருடைய புருவம் வெள்ளையாக இருந்தது.

"அத்தான், மாஸ்க் போட்டுக்கோங்க" என்றேன்.

"ஏன்? காத்து சரியில்லையா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரியாத்தான் இருக்கு. குளிருக்குச் சொன்னேன்" என்றேன்.

அவர் அறைக்குப் போய் மொட்டையிடம், "என் மச்சானுக்கு என் மேல எவ்வளவு பாசம் பாரு, மூக்குல குளிர் ஏறக்கூடாதாம்" என்று பெருமை அடித்துக்கொண்டார். நான் கதவுப் பக்கம் நின்று கேட்டேன். ஜன்னல் வெயிலில் அந்த அறைக் காற்று பால் கலந்த தண்ணீர் மாதிரி தெரிந்தது.

புதுப் பை வரவில்லை. குத்திய ஓட்டை ஒரு வாரத்தில் அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் அத்தானின் இருமல் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. நாங்கள் தங்குகிற அறை நாலாவது மாடியில். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது அக்கா. உன்னிடம் போனில், "உடற்பயிற்சி பண்றேன், அதான் இளைச்சிட்டேன்" என்றார். நீ கேலி செய்தாய்.

ஒரு நாள் துணிந்து ஆறு பையோடு நிறுத்திக்கொண்டேன். மத்தியானம் மணி அலறி ஆலை நின்றது. நாற்பது நிமிஷம். மீட்டர் என்னைத் திட்டவில்லை. மூட்டை அறைக்குப் போய் அத்தானைக் கூப்பிட்டு, மாவு கொட்டுகிற தொட்டிக்குள் இறங்கி அள்ளச் சொன்னார். இடுப்பளவு மாவு. அத்தான் மண்வெட்டியோடு உள்ளே இருந்து இருமுகிற சத்தம் இரும்புச் சுவரில் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. மீட்டர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஊசி வேலை செய்யலைன்னா மண்வெட்டி வேலை செய்யும். உனக்கு எது வசதி?"

மறுநாள் இருபது பைக்கு மூச்சு கொடுத்தேன்.

அந்த மாசக் கடைசியில் தூசு அளக்கிற அம்மா வந்தார். வெளி ஆள். இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி கட்டி, அதிலிருந்து ஒரு குழாயை எடுத்துச் சட்டைக் காலரில் மாட்டிவிடுவார். அந்த ஆள் நாள் முழுக்க சுவாசிக்கிற காற்றை அது இழுத்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் வந்து கழற்றி எடுத்துப் போவார். ஆறு வருஷமாக அந்த அறையில் இருக்கிறவர் என்று அத்தானுக்கு மாட்டினார்.

"கழுத்துல மணி கட்டிட்டாங்கடா" என்றார் மொட்டை. "மாடு இனிமே தொலையாது."

அந்த அம்மா போனதும் மீட்டர் என்னிடம் வந்தார். "உங்க அத்தானைப் பின்பக்க ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போ. அட்டைப்பெட்டி மடிச்சுக்கிட்டு உக்காரட்டும். நாலரைக்குத் திரும்பக் கூட்டிட்டு வா."

"நான் எப்படி சார்..."

"நான் கூப்பிட்டா ஏன் எதுக்குன்னு கேப்பாரு. நீ கூப்பிட்டா வந்துடுவாரு."

சரியாகச் சொன்னார். நான் கூப்பிட்டேன், வந்துவிட்டார். ஏன் என்று கூடக் கேட்கவில்லை. ஸ்டோரில் ஹீட்டர் இருந்தது, ஜன்னல் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"இது உன் ஏற்பாடா மச்சான்? நீ நல்லா இருப்பே."

அன்று முழுக்க அவர் இருமவே இல்லை.

போன மாசம் படிக்கட்டில் விழுந்தார். உனக்கு வழுக்கிவிட்டது என்று சொன்னோம். இங்கே பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "என்ன வேலை?" என்று கேட்டார். சொன்னதும் வேறு எதுவும் கேட்கவில்லை. கல் தூசு, நுரையீரல் முழுக்கத் தழும்பு, திரும்பாது என்றார். ஒரு வழிதான் இருக்கிறது. வேலையால் வந்த நோய் என்று ஆலை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், இங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்து, கடைசிவரை பார்த்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வேலை செய்ய முடியாத ஆள் என்று அட்டையை ரத்து செய்வார்கள். பதினைந்து நாளில் ஊருக்கு விமானம்.

"அதெல்லாம் ஒத்துக்குவாங்க. ஆறு வருஷம் அவங்க மாவைத்தானே தின்னிருக்கேன்" என்றார் அத்தான்.

ஆபீஸில் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம், பக்கத்தில் மீட்டர். இந்தப் பக்கம் அத்தான். ஃபில்டர் பார்த்துக்கொள்கிறவன் என்று சாட்சிக்கு நான். மேடம் ஒரு காகிதத்தை அத்தான் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்க காலர்ல மாட்டியிருந்த கருவியோட அளவு. அனுமதிச்ச தூசுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. உங்க ரூம்ல அவ்வளவு சுத்தமான காத்து. அப்புறம் எப்படி எங்களால வந்ததுன்னு சொல்றீங்க?"

அத்தான் காகிதத்தைப் பார்த்தார். கொஞ்சம் மூச்சு சேர்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு நான் ரூம்லயே இல்லம்மா. ஸ்டோர்ல பெட்டி மடிச்சுக்கிட்டு இருந்தேன். இதோ, இவன்தான் வந்து கூட்டிட்டுப் போனான். என் மச்சான். கேளுங்க, சொல்லுவான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீட்டர் கூட. அவருடைய கை மேசைமேல் இருந்த ஒரு கோப்பின் மேல் இருந்தது. என் அட்டைப் படிவம் அதற்குள் என்று எனக்குத் தெரியும். காலையிலேயே காட்டியிருந்தார், கையெழுத்து இடம் மட்டும் காலியாக.

"அன்னைக்கு இவரை நீங்க ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம்" என்றேன். "ரூம்லதான் இருந்தார்."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அக்கா. பஸ்ஸில் தூங்கி எழுந்தவன் எந்த இடம் என்று பார்ப்பானே, அந்த மாதிரி.

மேடம் என் நோட்டைப் புரட்டினார். "பை எதுவும் கிழிஞ்சு பாத்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். முள் எப்பவும் பச்சையிலதான்."

"இது என்ன? 'மூச்சு கொடுத்த பைகள், இருபது'?"

மீட்டர் என்னையே சொல்ல விட்டார்.

"சுத்தம் பண்றது மேடம். காத்தடிச்சு உதறுவோம். பை அடைச்சுக்காம இருக்கறதுக்கு."

"ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கீங்க" என்றார் அந்த மேடம். "புகைப்பழக்கம் உண்டா?" என்று அத்தானிடம் கேட்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி. அப்போ உண்டும்மா."

அதை எழுதிக்கொண்டார். எழுதியதற்குக் கீழே அத்தான் கையெழுத்துப் போட்டார். பேனாவைப் பிடித்தபோது நகத்துக்கடியில் வெள்ளையாக இருந்தது.

வெளியே வந்து தெருவில் நடந்தோம். இருபது அடிக்கு ஒரு தரம் நின்றார். ஒரு கடை வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். செருப்பைச் சரிசெய்கிற பாவனை கூட இல்லை.

"ஸ்டோர்ல உக்காந்தது வேற நாளா இருக்கும்" என்றார். "நான்தான் நாளை மாத்திச் சொல்லிட்டேன். இல்ல மச்சான்?"

"ஆமா அத்தான்."

"மூச்சு கம்மியானா மூளையும் குழம்பிடும் போல." சிரிக்கப் பார்த்தார், இருமலாகிவிட்டது. "உன்னை வேற அங்க இழுத்து விட்டுட்டேன். பொய் சொல்ல வெக்கப் பாத்தேன்னு அந்தம்மா நினைச்சிருப்பாங்க. மனசுல வெச்சுக்காதேடா."

நான் வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

மீட்டர் சாயங்காலமே என் அட்டைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு வருஷத்துக்கு. அத்தான் இடத்துக்குப் புது ஆள் வந்தாயிற்று. ஆணியிலிருந்த மாஸ்க்கை எடுத்து, "இது யாரோடது, நான் போட்டுக்கணுமா?" என்று கேட்டான். "குளிருக்கு வேணும்னா போட்டுக்கலாம்" என்றேன்.

ஆலை ஒத்துக்கொள்ளவில்லை, அத்தானை ஊருக்கு அனுப்புகிறார்கள். இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அத்தானை மல்லாக்கப் படுக்க வைக்காதே. தலைக்கு மூன்று தலையணை. மாடியில் வேண்டாம், கீழ் அறையைக் காலி பண்ணு. அங்கே டாக்டரிடம் ஆலையின் அந்தத் தூசு அளவுக் காகிதத்தைக் காட்டாதே. கல் மாவு, ஆறு வருஷம் என்று மட்டும் சொல்.

நான் சொன்னதை அத்தானிடம் சொல்லாதே. நாளை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும். நானும் அட்டை போய் வந்து நின்றால் அந்த வீட்டில் யாரை யார் பார்ப்பது, நீயே சொல்.

இதைப் படித்ததும் அழித்துவிடு. அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து உனக்குப் போன் வரும். வீட்டில் விசாரித்து எழுதிக்கொண்டால்தான் கோப்பை மூடுவார்களாம். சிகரெட் உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் மறுபடி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள் அக்கா. என்னால் முடியாது. உண்டு என்று சொல்லிவிடு. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் என்று சொல்.